நோர்வேக்குப் புதுசா வாற ஆக்களுக்கு: வருசம் முழுக்க காலநிலையைச் சமாளிக்கிற விதம்

நோர்வேக்கு வாறம் எண்டு முடிவான உடன எல்லாரும் கேக்கிற முதல் கேள்வி, "அங்க எவ்வளவு குளிர்?" எண்டுதான். படிக்க வாற தம்பிமார், கலியாணம் முடிச்சு வாற தங்கச்சிமார், வேலை விசாவில குடும்பத்தோட வாற ஆக்கள், எல்லாருக்கும் அதே பயம்தான். நான் சொல்லுறது என்னெண்டா, குளிரை விட மூண்டு விசயத்துக்கு நீங்கள் கூட ஆயத்தமா இருக்கோணும்: ஈரம், வழுக்கல், இருட்டு. மைனஸ் பத்தில ஒழுங்கா உடுத்திக்கொண்டு போற ஆளுக்கு ஒண்டும் நடக்காது, ஆனா பிளஸ் ரெண்டில மழையில நனைஞ்ச ஜீன்ஸோட அரை மணித்தியாலம் பஸ்ஸுக்கு நிக்கிற ஆள் நடுங்கிப்போயிடும். இதை மனசில வைச்சுக்கொண்டு கீழ இருக்கிறதை ஒழுங்கா வாசியுங்கோ.

1. எந்த ஊருக்குப் போறீங்கள் எண்டதைப் பாருங்கோ

நோர்வே நீட்டா ஒடுங்கின நாடு, தெற்கு முனையில இருந்து வடக்கு முனைக்கு நேர்கோட்டிலயே 1700 கிலோமீற்றருக்கு மேல வரும், அதால "நோர்வேக் குளிர்" எண்டு ஒரே குளிர் இல்ல.

(இதில வாற தமிழ் மாதப் பேர் எல்லாம் ஆங்கில மாதக் கணக்குத்தான், தை எண்டா ஜனவரி.) ஒஸ்லோவில தை, மாசி மாதங்களில சராசரியா பூச்சியத்துக்கு ரெண்டு மூண்டு பாகை கீழ நிக்கும், இடைக்கிடை மைனஸ் பத்து, பதினைஞ்சுக்கும் இறங்கும். பேர்கன் மேற்குக் கரையில இருக்கு, அத்திலாந்திக்கில இருந்து வாற சூடான நீரோட்டமும் தென்மேற்குக் காத்தும் அந்தப் பக்கத்தைக் குளிர விடாது, தை மாதத்தில கூட சராசரி பூச்சியத்துக்கு மேலதான் நிக்கும். ஆனா மழை வருசத்துக்கு 2000 மில்லிமீற்றரைத் தாண்டும், யாழ்ப்பாணத்தில பெய்யிறதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதுவும் எங்கட மாரிமழை மாதிரி கொட்டித் தீர்த்துட்டு விடுறதில்ல, நாள்க்கணக்கில நிண்டு தூறும். பேர்கனுக்குப் போற ஆள் தடிச்ச ஜக்கெற்றுக்கு முதல் நல்ல மழைக்கோட்டும் மழைக்களிசானும் வாங்கோணும். குடையை நம்பாதேங்கோ, காத்துக்கு ஒரு நாளிலயே கம்பி முறிஞ்சிடும்.

வடக்கில துரும்சோ எண்ட ஊர் வட அகலக்கோடு 69 பாகைக்கும் மேல இருக்கு. கார்த்திகைக் கடைசியில இருந்து தை நடுப்பகுதி வரைக்கும் சூரியன் அடிவானத்துக்கு மேல வராது, வைகாசி இருபது அளவில இருந்து ஆடிக் கடைசி வரைக்கும் அது மறையாது. கடல் பக்கத்தில இருக்கிறதால துரும்சோ நீங்கள் நினைக்கிற அளவுக்குக் குளிராது, ஸ்னோதான் மலை மாதிரிக் குவியும். கடலை விட்டு உள்ளுக்க போனாத்தான் உண்மையான கடுங்குளிர். பின்மார்க் உட்பகுதியில இருக்கிற காராஷோக்கில 1886 தை முதலாம் திகதி பதிவான மைனஸ் 51.4 தான் இண்டைக்கும் இந்த நாட்டின்ர மிகக் குறைஞ்ச வெப்பநிலை.

எங்கட ஆக்கள் கன பேர் முந்தி பின்மார்க் கரையோரத்தில மீன் தொழிற்சாலைகளில வேலை செய்தவை. அந்த அண்ணாமார், அக்காமார் ஆரையும் சந்திச்சா காத்தைப் பற்றிக் கேளுங்கோ. வெப்பநிலை மைனஸ் பத்து எண்டாலும் காத்து செக்கனுக்குப் பத்து மீற்றர் வேகத்தில அடிச்சா உங்கட முகத்துக்கு அது மைனஸ் இருபது மாதிரித்தான் இருக்கும். அதால போனில பாகையை மட்டும் பாக்காதேங்கோ, பக்கத்தில இருக்கிற காத்து இலக்கத்தையும் பாருங்கோ.

2. போனில "ஊர்" எண்ட காலநிலை ஆப்பைப் போடுங்கோ

இங்க எல்லாரும் பாவிக்கிறது "ஊர்" எண்டு சொல்லுற யிஆர் (Yr) ஆப், நோர்வே வானிலை நிறுவனமும் என்ஆர்கே எண்ட அரச ஒலிபரப்பும் சேர்ந்து 2007 இல இணையத்தளமாத் தொடங்கினது, காசு இல்ல. காலம எழும்பின உடன மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் என்ன வரும் எண்டு பாத்துட்டுத்தான் சனம் உடுப்பு எடுக்கும். நீங்கள் முக்கியமா பாக்கவேண்டியது பூச்சியத்தை. ராத்திரி மைனஸ், பகல் பிளஸ், திரும்ப ராத்திரி மைனஸ் எண்டு போட்டிருந்தா அடுத்த நாள் காலம நடைபாதை முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ் பிடிச்சிருக்கும் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எண்டு எச்சரிக்கை நிறங்களும் அதில வரும். மஞ்சள் வந்தா கவனம், செம்மஞ்சள் வந்தா பயணத்தை மாத்தி யோசியுங்கோ, சிவப்பு வந்தா அதிகாரிகள் சொல்லுறதைக் கேட்டு நடவுங்கோ. பெரிய புயலுக்குப் பேர் வைப்பினம். 2023 ஆவணியில வந்த "ஹான்ஸ்" கிழக்கு நோர்வேயில ஆறுகளைப் பெருக்கி றோட்டு, றெயில்பாதை எல்லாத்தையும் அடிச்சுக்கொண்டு போனது, பிராஸ்கரெய்ட்பொஸ் அணைக்கட்டின்ர ஒரு பகுதியே உடைஞ்சது. அதால எச்சரிக்கையைச் சும்மா சொல்லுறாங்கள் எண்டு விடாதேங்கோ. ஒவ்வொரு வீட்டிலயும் ஒரு கிழமைக்குக் காணக்கூடிய சாப்பாடு, தண்ணி, போர்வை, ரோச் லைற், பற்றறி ரேடியோ இருக்கோணும் எண்டு அரசாங்கமே சொல்லுது.

3. உடுப்பு: எதை முதல் வாங்கிறது

கொழும்பிலயோ சென்னையிலயோ பெரிய விலை குடுத்து விண்ரர் ஜக்கெற் வாங்கிக்கொண்டு வராதேங்கோ. வந்து இறங்கிற அண்டைக்குத் தாக்குப்பிடிக்க ஒரு சுவெற்றரும் காத்து புகாத ஏதாவதும் காணும், மிச்சத்தை இங்க வாங்குங்கோ.

காசு மட்டா இருந்தா முதல் சப்பாத்து, பிறகு கம்பளி உள்ளுடுப்பு, கடைசியாத்தான் ஜக்கெற். கன பேர் இதைத் தலைகீழாச் செய்யினம், ஆயிரக்கணக்கில குடுத்து ஜக்கெற் வாங்கிட்டு உள்ளுக்க பருத்தி ரீசேட்டைப் போட்டுக்கொண்டு குளிருது எண்டு சொல்லுவினம். பருத்தி வேர்வையை உறிஞ்சி வைச்சுக்கொள்ளும், பஸ்ஸைப் பிடிக்க ரெண்டு நிமிசம் ஓடி வேர்த்தா காணும், பிறகு நிக்கிற நேரம் முழுக்க அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். கம்பளி ஈரமானாலும் சூட்டை விடாது. பக்கெற்றில "உல்" எண்டு போட்டிருக்கிறதை, முக்கியமா மெரினோ கம்பளியைப் பாத்து எடுங்கோ, அது உடம்பைக் கடிக்காது. அதுக்கு மேல ஒரு பிளீஸ் இல்லாட்டி தடிச்ச சுவெற்றர், அதுக்கு மேல காத்தும் தண்ணியும் புகாத ஜக்கெற். வீட்டுக்குள்ளயும் கடைக்குள்ளயும் பிளஸ் இருபது இருக்கும், அதால கழட்டிப் போடக்கூடிய மாதிரி மூண்டு அடுக்கா இருக்கிறதுதான் வசதி.

சப்பாத்தை ஒரு சைஸ் பெரிசா எடுங்கோ. தடிச்ச கம்பளிச் சொக்ஸ் போட்ட பிறகும் உள்ளுக்க விரலை ஆட்ட ஏலுமா இருக்கோணும், இறுக்கமா இருந்தா எவ்வளவு விலையான சப்பாத்தும் உதவாது. கைக்கு, ஐஞ்சு விரல் கிளவுஸை விட விரல் எல்லாம் ஒண்டா இருக்கிற வொத்தர்தான் சூடு.

கம்பளியை ஒவ்வொரு நாளும் தோய்க்கிற பழக்கம் வேண்டாம். கழட்டின உடன வெளியில இல்லாட்டி யன்னலடியில காத்துப்பட விரிச்சு விடுங்கோ, மணம் போயிடும். தோய்க்கிறதெண்டா மெசினில கம்பளிப் புறோகிராமில, கம்பளிக்கெண்டு விக்கிற சோப்போட போடுங்கோ, சொவ்ற்னர் வேண்டாம், சுடுதண்ணியில போட்டா உங்கட சுவெற்றர் பிள்ளைக்குத்தான் அளவா வரும்.

சாறி, வேட்டி பற்றிக் கேக்கிறவைக்கும் சொல்லுறன். கலியாணவீடு, கோயில் எண்டு மார்கழியில வெளிக்கிடேக்க சாறிக்கு உள்ள கம்பளி நீட்டுக் களிசான், காலில விண்ரர் சப்பாத்து, நல்ல செருப்பை ஒரு பையில போட்டுக்கொண்டு போய் உள்ளுக்க மாத்துங்கோ. இங்க வெள்ளைக்காரரும் விருந்துகளுக்கு அப்பிடித்தான் போவினம், ஒருத்தரும் வித்தியாசமாப் பாக்க மாட்டினம்.

செலவைக் குறைக்க மூண்டு வழி இருக்கு. பின் டொட் என்ஓ தளத்தில சனம் பாவிச்ச உடுப்பு, ஸ்கீ, ஸ்லெட்ஜ் எல்லாம் விக்கும், சில நேரம் சும்மாவும் குடுக்கும். பிறெற்றெக்ஸ் எண்ட பழைய உடுப்புக் கடையள் பெரிய ஊர் எல்லாத்திலயும் இருக்கு. ஸ்கீயும் ஸ்கேற்றும் வாங்க முதல் "பூஆ" எண்ட இரவல் குடுக்கிற இடம் உங்கட ஊரில இருக்கா எண்டு தேடுங்கோ, காசில்லாம எடுத்துப் பாவிச்சுட்டுத் திருப்பிக் குடுக்கலாம்.

4. சின்னப் பிள்ளையள் இருந்தா

பார்ணஹாகேயில, அதான் இங்கத்தைப் பாலர் பள்ளியில, பிள்ளையளை ஒவ்வொரு நாளும் வெளியில விடுவினம், மழை எண்டாலும் ஸ்னோ எண்டாலும். கைக்குழந்தையளை வண்டிலுக்குள்ள செம்மறித்தோல் பையில போட்டு வெளியில நித்திரையாக்குவினம். முதல் தரம் பாக்கேக்க அம்மாமாருக்கு நெஞ்சு பதறும்தான், ஆனா அதைத் தடுக்கப் போகாதேங்கோ, ஒழுங்கா உடுப்பைக் குடுத்து விடுறதுதான் உங்கட வேலை.

காலம உடுத்திற ஒழுங்கு இதுதான்: முதல் கம்பளி உள்ளுடுப்பு, கம்பளிக் களிசானுக்கு மேல சொக்ஸை இழுத்து விடுங்கோ, இல்லாட்டி சப்பாத்துப் போடேக்க களிசான் மேல ஏறி கெண்டைக்கால் வெறுமையா நிக்கும். பிறகு பிளீஸ், பிறகு முழு உடம்பையும் மூடுற பார்க்ட்ரெஸ், சப்பாத்து, அந்த உடுப்பின்ர அடியில இருக்கிற றப்பர் பட்டியைச் சப்பாத்துக்குக் கீழால மாட்டி விடுங்கோ. கடைசியா வொத்தர், ஜக்கெற் கை அதுக்கு மேல வரோணும், அப்பத்தான் தண்ணி உள்ளுக்க வழியாது. தொப்பியும் கழுத்துக்கு ஒரு வட்டத் துணியும், நீட்டு மவ்ளர் கட்டாதேங்கோ, விளையாடேக்க எங்கயாவது கொழுவும்.

பிள்ளைக்குக் குளிருதா எண்டு கையைத் தொட்டுப் பாத்துச் சொல்ல ஏலாது, பிடரியில விரலை வையுங்கோ. சூடா, காஞ்சு இருந்தா சரி. ஈரமா இருந்தா உடுப்புக் கூடிப்போச்சு. குளிர்ந்திருந்தா இன்னொரு அடுக்குப் போடுங்கோ. வொத்தர் ரெண்டு மூண்டு சோடி வேணும், ஒவ்வொண்டிலயும் பேர் ஒட்டுங்கோ, பேர் இல்லாத வொத்தர் திரும்பி வராது. பின்னேரம் கூட்டிக்கொண்டு வரேக்க பிள்ளையின்ர அலுமாரியைப் பாத்து ஈரமானதை எல்லாம் எடுத்துக்கொண்டு வாங்கோ.

5. வழுக்கல்

இதுக்குத்தான் நான் ஆகலும் கவலைப்படுறது, ஏனெண்டா புதுசா வாறவை ஸ்னோவுக்குப் பயந்துகொண்டு ஐஸைக் கவனிக்கிறேல்ல. புது ஸ்னோவில நடக்கலாம், காலுக்குப் பிடி இருக்கும். ஒஸ்லோ மாதிரிப் பூச்சியத்தைச் சுத்தி ஏறி இறங்கிற ஊரில மத்தியானம் உருகின தண்ணி ராத்திரி உறைஞ்சு, அதுக்கு மேல மெல்லிசா கொஞ்ச ஸ்னோ விழுந்தா, கண்ணுக்கு வெள்ளைப் பஞ்சு, காலுக்கு எண்ணெய் தடவின தரை. மணிக்கட்டு, இடுப்பு முறியிறது இப்பிடியான காலமைகளிலதான்.

செய்யவேண்டியது சின்ன விசயம். ஸ்போட்ஸ் கடையில இல்லாட்டி மருந்துக்கடையில "பிறோடர்" எண்டு சப்பாத்துக்கு மாட்டுற சின்ன இரும்புப் பல்லு விக்கும், ஒரு சோடி வாங்கி ஜக்கெற் பொக்கற்றுக்குள்ளயே வைச்சிருங்கோ. வயது போன அம்மா அப்பாவைக் கூப்பிட்டு வைச்சிருக்கிறவை அவைக்கு முதல் வாங்கிக் குடுங்கோ. கடைக்குள்ள போகேக்க கழட்டிப்போடுங்கோ, மாபிள் தரையில அந்த இரும்பு இன்னும் மோசமா வழுக்கும். நடக்கேக்க கையைப் பொக்கற்றுக்குள்ள விடாதேங்கோ, சின்னச் சின்ன அடியா, பாதம் முழுக்கப் பதிச்சு, உடம்பைக் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ச்சு நடவுங்கோ. றோட்டில சின்னக் கல்லுப் போட்ட பக்கத்தைப் பாத்துப் போங்கோ.

நகரத்துக்குள்ள கட்டடச் சுவரில தடி சாத்தி வைச்சிருந்தா, இல்லாட்டி கூரையில ஸ்னோ விழும் எண்டு பலகை இருந்தா அந்தச் சுவரோரமா நடக்காதேங்கோ. மேல இருந்து சறுக்கி விழுற ஐஸ் கட்டி ஆளைக் கொல்லும் பாரம்.

6. இருட்டு

மார்கழி நடுவில ஒஸ்லோவில காலம ஒன்பது கழிஞ்சுதான் சூரியன் வரும், பின்னேரம் மூண்டேகாலுக்குள்ள போயிடும், ஆறு மணித்தியாலம் கூட இல்ல. ஆனா என்ர அபிப்பிராயத்தில மார்கழியை விட கார்த்திகைதான் கஸ்டம். மார்கழியில ஸ்னோ விழுந்தா தெரு வெளிக்கும், யன்னலெல்லாம் நத்தார் லைற் இருக்கும். கார்த்திகையில ஈரத் தார்றோட்டு வெளிச்சத்தை எல்லாம் விழுங்கிப்போடும்.

இருட்டுக்கு மூண்டு விசயம் செய்யோணும். ஒண்டு, றிஃப்லெக்ஸ், அதான் கார் லைற் பட்டா மினுங்கிற பட்டி. கறுத்த உடுப்போட நடக்கிற ஆளைக் கார்க்காரர் இருபத்தைஞ்சு முப்பது மீற்றர் கிட்ட வந்துதான் காணுவார், றிஃப்லெக்ஸ் மாட்டியிருந்தா 140 மீற்றர் தூரத்திலயே தெரியும். ஜக்கெற்றில தொங்கவிடுறது, கைப்பட்டி, பிள்ளையளுக்கு மேலாடை எண்டு எல்லா விதமும் இருக்கு, கன இடங்களில இனாமாவும் குடுப்பினம். பள்ளிக்கூடம் போற பிள்ளை அது இல்லாம வெளிக்கிடக் கூடாது.

ரெண்டு, விற்றமின் டி. ஒக்டோபரில இருந்து பங்குனி வரைக்கும் சூரியன் பணிஞ்சு நிக்கிறதால தோலில விற்றமின் டி உண்டாகாது, எங்கட நிறத் தோலுக்குக் கோடையிலயும் கூட நேரம் வெய்யில் வேணும். இங்க சுகாதாரத் துறை சொல்லுற அளவு நாளுக்கு 10 மைக்ரோகிராம், "ட்ரான்" எண்ட மீனெண்ணெய் ஒரு தேக்கரண்டியில அவ்வளவு இருக்கு. மரக்கறி மட்டும் சாப்பிடுறவைக்குக் குளிசை இருக்கு. குழந்தை பிறந்தா ஹெல்ஸஸ்தாஷோன் எண்ட தாய் சேய் சுகாதார நிலையத்தில சொட்டு மருந்தைப் பற்றிக் கேளுங்கோ.

மூண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில வெளியில போங்கோ. முகில் மூடியிருந்தாலும் பரவாயில்ல, இருபது நிமிசம் நடந்தா காணும். நித்திரை குழம்பி, ஒண்டிலயும் மனசு போகாம கிழமைக்கணக்கா இருந்தா அது சோம்பல் இல்ல, உங்கட பாஸ்ட்லேகே, அதான் உங்கட பேரில பதிஞ்ச குடும்ப டொக்டரிட்டச் சொல்லுங்கோ, வெளிச்ச விளக்குச் சிகிச்சையும் மருந்தும் இருக்கு. புதுசா வந்து வீட்டில தனிய இருக்கிற தங்கச்சிமாரைக் கவனிக்கச் சொல்லித்தான் இதைக் குறிப்பா எழுதுறன்.

7. வீடு, கார்

இங்க கன வீடு கரண்டிலதான் சூடாகுது, அதால குளிர்காலத்தில பில் ஏறும். சூடு போகும் எண்டு யன்னலை மூடியே வைச்சிருந்தா சமையல் ஆவியும் காயப்போட்ட உடுப்பின்ர ஈரமும் குளிர்ந்த மூலைச் சுவரில படிஞ்சு கறுப்புப் பூஞ்சணம் வரும். ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் எதிரெதிர் யன்னலை முழுக்கத் திறந்து ஐஞ்சு பத்து நிமிசம் விட்டு மூடுங்கோ, நாள் முழுக்கக் கொஞ்சமா திறந்து வைக்கிறதை விட அதுதான் சிக்கனம். கறி தாளிக்கேக்க அடுப்புக்கு மேல இருக்கிற பேனைப் போடுங்கோ. ஹீற்றருக்கு மேல உடுப்புப் போடவே கூடாது. புகை அலாரத்தின்ர பற்றறியை மார்கழி முதலாம் திகதி பாருங்கோ, அண்டைக்கு நாடு முழுக்க அதைத்தான் செய்வினம். ஊருக்குப் போகேக்க சூட்டை முழுக்க நிப்பாட்டாதேங்கோ, குழாய்க்குள்ள தண்ணி உறைஞ்சு வெடிக்கும்.

கார் இருந்தா, விண்ரர் ரயரின்ர பூ ஆகக் குறைஞ்சது 3 மில்லிமீற்றர் இருக்கோணும். ஆணி ரயர் (ஐஸில பிடிக்க இரும்பு ஆணி பதிச்சது) கார்த்திகை முதலாம் திகதியில இருந்து ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு வரைக்கும் பாவிக்கலாம், வடக்கில ஒக்டோபர் 16 இல இருந்து சித்திரை 30 வரைக்கும். ஒஸ்லோ, பேர்கன் மாதிரி நகரங்களில ஆணி ரயருக்குத் தனிக் கட்டணம் இருக்கு. கண்ணாடி முழுக்க ஐஸ் சுரண்டாம, ஒரு சின்ன ஓட்டையால பாத்து ஓடினா தண்டம் அடிப்பாங்கள். எலெக்ரிக் காருக்குக் குளிரில ஓடுற தூரம் குறையும், சாஜில இருக்கேக்கயே உள்ளுக்கச் சூடாக்கிட்டு வெளிக்கிடுங்கோ.

8. ஸ்னோ போன பிறகு

சித்திரையில வெய்யிலைக் கண்ட உடன ஜக்கெற்றைக் கட்டி மேல போடாதேங்கோ, வைகாசியிலயும் ஸ்னோ கொட்டின வருசங்கள் இருக்கு. ஈஸ்டருக்கு மலைக்குக் கூப்பிட்டா போங்கோ, வடிவான அனுபவம், ஆனா வார்சொம் தளத்தில பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாத்து, தெரிஞ்ச ஆளோட போங்கோ, காலநிலை மாறினா திரும்பி வாறதில ஒரு வெக்கமும் இல்ல எண்டது இந்த ஊர் மலை விதியளில ஒண்டு. இதே நேரம் பேர்ச் மரப் பூந்தூள் பறக்கத் தொடங்கும், வந்து ஒண்டிரண்டு வருசத்துக்குப் பிறகுதான் சில பேருக்குக் கண்கடியும் தும்மலும் வரும், தடிமன் எண்டு நினைச்சு இழுத்தடிக்காம மருந்துக்கடையில கேளுங்கோ.

கோடை சுகம்தான். ஒஸ்லோவில ஆனி மாதம் ராத்திரி பத்தரைக்குப் பிறகும் வெளிச்சம் நிக்கும், பிள்ளையள் படுக்காயினம், யன்னலுக்கு முழு இருட்டுத் திரை போடுங்கோ. காட்டுக்குள்ள புல்லுக்குள்ள போய் வந்தா உண்ணி இருக்கா எண்டு முழங்காலுக்குப் பின்னால, கக்கத்தில, காதுக்குப் பின்னால பாருங்கோ, இருந்தா தோலுக்குக் கிட்டப் பிடிச்சு நேர இழுத்து எடுங்கோ, பிறகு சிவப்பு வட்டம் பெருத்தா டொக்டரிட்டப் போங்கோ. சித்திரை 15 இல இருந்து புரட்டாதி 15 வரைக்கும் காட்டிலயோ காட்டோரத்திலயோ நெருப்பு மூட்டத் தடை, பாபிகியூ போடுற எண்ணம் இருந்தா உங்கட கொம்யூன் (ஊர் நகரசபை) சொல்லுற இடத்தில போடுங்கோ. ஏரித் தண்ணி மேல சூடாத் தெரிஞ்சாலும் கீழ நல்ல குளிர்த் தண்ணி, நீந்தத் தெரியாதவை இடுப்புக்கு மேல போகாதேங்கோ, பிள்ளையளை நீச்சல் வகுப்புக்கு அனுப்புங்கோ.

புரட்டாதி வந்த உடன அடுத்த சுத்துக்கு ஆயத்தம் தொடங்குங்கோ. பிள்ளையின்ர போன வருசத்துப் பார்க்ட்ரெஸைப் போட்டுப் பாத்து சைஸைக் குறிச்சு வையுங்கோ, ரயர் மாத்த கராஜில நாள் எடுங்கோ, முதல் ஸ்னோ விழுந்த பிறகு கேட்டா கிழமைக்கணக்கில காத்திருக்கோணும். அடுத்த சைஸ் விண்ரர் உடுப்பை மாசி, பங்குனி மலிவு விற்பனையிலயே வாங்கி அலுமாரி மேல வைச்சிட்டீங்கள் எண்டா அதுக்கு அரைவாசிக் காசுதான் முடியும்.